கோழி மேய்த்தாலும் கோறணமேந்து: ஓர் உத்தியோக மோகத்தின் சரித்திரம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். கோறணமேந்து என்றால் அரசாங்கம். ஐரோப்பியரிடமிருந்து வந்த சொல்லொன்று நம் பாட்டன் பூட்டன்மாரின் நாவில் உருண்டு புரண்டு இவ்வடிவம் பெற்றது. பழமொழி என்றதும் அது தமிழ்க்குடியோடு உடன்பிறந்த தொன்மையுடையதென எண்ணிவிடுகின்றோம். ஆனால், அந்நியச் சொல் உள்ளே அமர்ந்திருப்பதே அதன் வயதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. அந்நியர் ஆட்சி வந்து, அவ்வாட்சிக்கு ஒரு கந்தோர் வந்து, அக்கந்தோரிலே மாதச் சம்பளம் என்ற ஒன்றும் வந்த பின்னரே இம்மொழி பிறந்திருத்தல் கூடும். ஆகவே உத்தியோக மோகம் எமது இரத்தத்தில் ஊறியதன்று, சரித்திரத்தில் உண்டானது.

இவ்வருட மலருக்கு இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எமது சங்கத்தில் மூத்தோரும் இளையோரும் கூடியிருந்து பேசும்போது, பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கின்றது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலே கால் தரிக்காது, கனடா, லண்டன் எண்டு பறக்கினம்" என்பர் மூத்தோர். "டொக்டர், எஞ்சினியர் எண்டு இரண்டே கூட்டுக்குள்ளை எங்களை அடைச்சது நீங்கள்தானே, ஐயா" என்பர் இளையோர். இருசாராரும் இந்த நோய் நேற்றுத்தான் தொடங்கியது போலப் பேசுகின்றனர். அதற்கு இருநூறு ஆண்டு வயதாகின்றது.

நிலத்திலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த மெல்லிய மண். கிணறு வெட்டித் துலா மிதித்து இறைத்தாலன்றிப் பயிரில்லை. குடிசனம் நெருங்கிய இவ்வூர்களில் காணி தலைமுறைக்குத் தலைமுறை துண்டு துண்டாகப் பிரிந்தது. இதனோடு தேசவழமை சேர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட இச்சட்டத்தின் வழியே பெண் மக்களுக்குச் சீதனம் கொடுப்பது பெற்றோர் கடமை; பெற்றோர் ஒடுங்கினால் சகோதரர் கடமை. வீட்டுக்கு மூன்று பெண்கள் இருந்தால் மூத்த மகன் கையில் எஞ்சும் காணி எத்தனை பரப்பு? தோட்டத்தை நம்பியவனுக்குத் தங்கையின் கலியாணம் மழையைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. மாதம் முடியத் தவறாது வரும் காசு ஒன்றே இந்தக் கணக்கைத் தீர்க்க வல்லது. உத்தியோகத்தை நாடியவன் சோம்பேறி, மண்வெட்டி பிடிக்க வெட்கப்பட்டவன் என்று எழுதுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தாரல்லர் என்பது எமது துணிபு.

மாதச் சம்பளத்துக்கு வழி காட்டியது ஆங்கிலம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையிற் பாடசாலை தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. 1824இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு வதிவிடப் பாடசாலையும் உண்டாயிற்று. வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் போதிக்கப்பட்டன. மிஷனரிமாரின் நோக்கம் சுவிசேஷ ஊழியரை உண்டாக்குதல். பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் நோக்கம் வேறு. படித்து வெளியேறியவர் பலர் பிரசங்க பீடத்துக்குப் போகாமற் கச்சேரிக்குப் போயினர். இதைக் கண்டு மனம் கசந்ததும் ஒரு காரணமாக, அமெரிக்காவிலிருந்து வந்தோரின் தீர்மானப்படி 1855இல் செமினரி மூடப்பட்டது. மதம் பரப்ப வந்தவர்களையே எமது பெற்றோர் உத்தியோகம் பரப்புவோராக மாற்றிவிட்டனர் என்று சொன்னாலும் பொருந்தும். மிஷன் பாடசாலை வாங்கில் இருந்து படித்து, மாலையிற் கோயில் வீதியிற் கூடும் எம்மைப் போன்றோர் அந்தப் பெற்றோரின் நேர் வாரிசுகளே.

செமினரி மூடப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் அதன் பழைய மாணவர் இருவர் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். ஒருவர் கரல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குப் பகுதியிற் கடமை பார்த்தார், சட்டம் பயின்றார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். உத்தியோகம் என்ற ஏணியில் இதற்குமேல் ஏறுதல் அக்காலத்து ஒரு தமிழனுக்கு அரிது. ஆயினும் இன்று அவரை நீதிபதி என்று நினைவுகூர்வார் எவர்? செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சிற் பதித்தவர் என்றே அறிகின்றோம். சம்பளம் அந்த வேலைக்கு எண்ணெயாக இருந்தது. விளக்கு வேறு.

இன்னொரு வழியைத் தேர்ந்தவர் ஆறுமுகநாவலர். பேர்சிவல் பாதிரியாரின் கீழ் வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, வேதாகமத்தைத் தமிழாக்குவதில் அவருக்கு உதவியவர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பின்னர் மிஷன் சம்பளத்தையும் உதறினார். இருபத்தைந்து வயது வாலிபன் நிலையான வேதனத்தை விட்டு வெளியேறுவதை அக்காலத்து உறவினர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை எமது இன்றைய வீடுகளைக் கொண்டே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விருவரையும் மலர்தோறும் போற்றுகின்றோம். ஆனால் இவர்கள் காலத்திலேயே மானிப்பாயில் நடந்த ஒரு பரீட்சையை மறந்துவிட்டோம். டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, எமது இளைஞருக்கு மேலைத்தேச வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றனர். ஊருக்கு வைத்தியர் வேண்டுமானால் ஊர்ப் பாஷையிலேயே வைத்தியம் கற்பிக்க வேண்டும் என்று கண்ட அவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். நூல் இல்லாதபோது நூலைத் தாமும் தம் மாணாக்கரும் ஆக்கினர். 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1875இற் கெமிஸ்தம் வெளிவந்தது. கெமிஸ்தம் என்றால் இரசாயனம். மருத்துவம் தமிழில் முடியுமா என்று மேடை போட்டு வாதிடுவோர் இந்நூல்களை ஒருமுறை கண்ணாற் காண்பாராக. எமக்கோ இதில் மொழிப் பெருமையைவிட வேறொரு செய்தி பெரிதாகப் படுகின்றது. கல்வி ஒருவனை ஊரைவிட்டு வெளியேற்றாத வகையிலே அமைக்கப்படலாம் என்று எண்ணிச் செயலும் புரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பதே அது. 1873இல் அவர் நாடு திரும்பினார். தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இலேயே மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. அதன் பத்திரத்துக்கே அரசாங்கச் சம்பளம் இருந்தது.

சைவர் சும்மா இருக்கவில்லை. 1888இற் சைவபரிபாலன சபை. 1889இல் இந்து சாதனம். 1890இல் அச்சபையின் கீழ் இந்துக் கல்லூரி. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரி. 1921இற் பரமேசுவராக் கல்லூரி. சமயம் மாறாமல் ஆங்கிலம் கற்கலாம் என்பது பெரிய விடுதலை. எனினும் ஒன்றைக் கூறாமல் விடுதல் நேர்மையன்று. இந்து மாணவனும் மிஷன் மாணவனும் தோற்றிய பரீட்சைகள் ஒன்றே. கேம்பிரிட்ஜ் சீனியரும் லண்டன் மற்றிக்குலேஷனும் திருநீற்றையும் சிலுவையையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. பாடசாலைக்குள் நுழையும் வாசல்கள் இரண்டாயின. வெளியேறும் வாசல் ஒன்றாகவே இருந்தது. அது கந்தோருக்குத் திறந்தது.

அந்தக் கந்தோர் கடலுக்கு அப்பாலும் இருந்தது. மலாயாவில் முதலாவது றெயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து வெல்ட் துறைக்குப் போடப்பட்டது. இலங்கையிற் சேவை பார்த்துப் பழகிய ஆங்கிலத் துரைமார் அங்கே றெயில்வேக்கும் நில அளவைக்கும் மராமத்துக்கும் ஆங்கிலம் தெரிந்த ஆட்களை இங்கிருந்தே அழைத்தனர். ஊரிலிருந்து ஒருவன் போனான். போனவன் தம்பியை எடுத்தான். தம்பி மைத்துனனை எடுத்தான். ஸ்ரேஷன் மாஸ்ரர், கிளாக்கர், டிறெசர், சேவையர் என்று பட்டியல் நீண்டது. கோலாலம்பூர் பிறிக்பீல்ட்ஸிற் கந்தசுவாமி கோயில் எழுந்தது. விவேகானந்த ஆச்சிரமம் எழுந்தது. இங்கோ தபாற்காரன் கொண்டுவரும் மணியோடரினால் மண்வீடு கல்வீடாயிற்று, வேலி மதிலாயிற்று, குலதெய்வத்தின் கொட்டில் கோபுரம் கண்டது. மணியோடர்ப் பொருளாதாரம் என்று பின்னாளிற் பரிகசித்தோர் பலர். பரிகசித்தவர் பலரும் அந்த மணியோடரிற் படித்தவர்களே.

மலாயாப் பென்சனியர் என்று ஒரு சாதி மனிதர் எமது ஊர்களில் இருந்தனர். கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக அவர் ஊர் திரும்பும்போது, வெற்றி என்றால் என்ன என்பதை இளைஞருக்கு எவரும் வியாக்கியானம் செய்ய வேண்டியிருக்கவில்லை. வெற்றி வாசற்படியில் வந்து நின்றது. ஆனால் அவர் திரும்பியதற்கு ஐம்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது. இடையில் முப்பது ஆண்டுகள் கடிதமாகவே கழிந்தன. 1942இல் யப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது கடிதமும் காசும் ஒருங்கே நின்றன. மூன்றரை ஆண்டுகள் பல வீடுகள் தம் நகைகளைக் கொண்டு சீவித்தன. தூர தேசத்துச் சம்பளத்தின்மேற் கட்டிய வீடு எத்தகைய அத்திவாரத்தில் நிற்கின்றது என்பதை எமது பாட்டிமார் அக்காலத்தே அறிந்துகொண்டனர். அதைக் கட்டுரையாக எழுதவில்லை. புளியையும் உப்பையும் எண்ணிச் செலவிட்டு அறிந்தனர்.

உள்நாட்டுக் கிளாக்கரின் கதை இத்தகைய விறுவிறுப்பு உடையதன்று. 1905இற் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு றெயில் வந்ததும் அவர் மெயில் வண்டியில் ஏறிக் கொழும்பு சேர்ந்தார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலைந்து பேர் கூடிச் சமறி போட்டுச் சமைத்து உண்டார். சமறி என்பதும் ஆங்கிலச் சொல்லின் குழந்தையே. மனைவி மக்கள் ஊரில். அவர் லீவிலே வரும் விருந்தாளி. அவரைக் கட்டிப்போட்ட கயிறு சம்பளமன்று, பென்சன். 1898இல் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியச் சட்டம் வந்தபின், தாம் இறந்தாலும் மனைவி பட்டினி கிடவாள் என்ற உறுதியும் சேர்ந்தது. பெரும் பதவியை அவாவியவர் சிலரே. பெரும்பாலோர் விரும்பியது அபாயமில்லாத வாழ்க்கை. எமது சமூகம் வெற்றி என்று பெயரிட்டு வழங்கியது உண்மையிற் பாதுகாப்பே என்பதுதான், இந்தச் சரித்திரத்தைப் படித்து நாம் கண்ட முடிவு. இந்தக் கிளாக்கர்மாரை ஏளனஞ் செய்வது எழுத்தாளருக்கு எளிது. ஆயினும் 1902இற் கொழும்பில் விவேகானந்த சபை தோன்றி நிலைத்ததும், இளைஞர் சங்கங்கள் நடந்ததும், இத்தகைய மலர்கள் அச்சேறியதும், மாலை ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டு வந்தோரின் உழைப்பும் சந்தாவும் சேர்ந்தபடியால் என்பதை மறத்தலாகாது.

இந்த ஏணி எல்லாருடைய வீட்டுச் சுவரிலும் சாத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் பாடசாலையில் நிலத்திலே இருத்தப்பட்டனர். 1929, 1930ஆம் ஆண்டுகளில் சம ஆசனம் அளிக்கும்படி கட்டளை பிறந்தபோது அதனை எதிர்த்தோர் சைவத்தின் பெயராலேயே எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சைவ இளைஞராகிய நாம் அதை வெட்கத்தோடு எழுதுகின்றோம். பெண்களுக்கோ படிப்பு நெடுங்காலம் சீதனத்தின் ஓர் உருப்படியாகவே எண்ணப்பட்டது. உத்தியோகமென்றால் ஆசிரியத் தொழில் ஒன்றே. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆண்களிலும் பெண்களே அதிகம். உத்தியோகம் புருஷ லட்சணம் என்பதை இன்னும் சொல்வோர், எந்தப் புருஷன் என்பதை விசாரித்துச் சொல்வது நலம்.

மறுத்துப் பேசிய வாலிபரும் இருந்தனர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தினர், 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தனர். 1931இற் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி செய்தனர். அவர்களின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்தவர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அந்நிய அரசாங்கத்தின் நாற்காலியைப் பெருமையாக எண்ணாதே என்று இளைஞனுக்குச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. பகிஷ்காரத்தின் பலாபலன் பற்றி இன்றும் வாதம் உண்டு. அதனுள் நாம் புகவில்லை.

உத்தியோகம் என்ற சொல்லுக்குள் அடங்காத திறமைகளும் இருந்தன. வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பல் கட்டினர், கடலோடினர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனை அத்திலாந்திக் சமுத்திரம் கடந்து செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையிற் சேர்த்தனர். எக்காலத்தும் வியக்கத்தக்க செயல். ஆயினும் அந்த மாலுமிகளில் ஒருவரையேனும் பார்த்து, இவரைப் போல வா என்று எந்தப் பாடசாலை பிள்ளைகளுக்குச் சொன்னது? அதே காலத்திற் புகையிலைத் தோட்டக்காரர் திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மூளாயிற் கூட்டுறவு முறையில் ஆசுபத்திரி எழுந்தது. ஊரில் நின்றே உயரலாம் என்ற எண்ணம் இவற்றில் இருந்தது. பாடப்புத்தகத்துக்குள் அது வரவில்லை. மாப்பிள்ளைச் சந்தைக்குள்ளும் வரவில்லை.

பின்னர் நடந்தவை மூத்தோர் அறிந்தவை, சுருங்கச் சொல்கின்றோம். 1945இல் இலவசக் கல்வி வந்து ஏழைப் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. 1956இற் சிங்களம் மட்டும் சட்டம் வந்து கந்தோர்க் கதவைச் சாத்தியது; சிங்களத்தில் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர்க்குப் பதவி உயர்வு நின்றது, பலர் காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்றனர். அடுத்த வருடம் மலாயாவும் சுதந்திரம் பெற்று, அந்த வாசலும் அந்நாட்டவர்க்கே உரியதாயிற்று. கிளாக்கர் கதிரை கைவிட்டபோது பெற்றோரின் கண் வைத்தியத்தின் மேலும் எஞ்சினியரிங்கின் மேலும் பாய்ந்தது; அவை மொழியைக் கேளாத தொழில்கள் என்று நம்பினர். 1971இற் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. ஒரு வாலிபனின் ஆயுள் முழுவதையும் ஒரே பரீட்சையின் ஒரு சில புள்ளிகளில் தொங்கவிட்டு, அந்தப் புள்ளிகளின் பெறுமதியையும் மாற்றியபோது என்ன விளையும் என்பதற்கு அடுத்த முப்பது வருடங்கள் சாட்சி. அந்த ஆண்டிலேயே திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிற் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. 1983இன் பின்னர் வெளியேறியோர் உத்தியோகம் தேடி மாத்திரம் வெளியேறினரல்லர், உயிரைக் காக்க வெளியேறினர். ஆகவே கனடாவுக்குப் போன தலைமுறையையும் மலாயாவுக்குப் போன தலைமுறையையும் ஒரே தராசில் நிறுத்தல் அநீதி. ஆனால், யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் போக விரும்பும் இன்றைய இளைஞனை நோக்கி, "எங்கடை காலத்திலை இப்பிடி இல்லை" என்று சொல்லும் பெரியவரின் வீட்டுச் சுவரில், தைப்பிங் ஸ்ரேஷன் மேடையில் எடுத்த அவர் பாட்டனாரின் படம் தொங்குவதுண்டு.

இளையோருக்கும் ஒரு சொல். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் எமது மூத்தோர் சத்தியாக்கிரகம் இருந்தது மொழியுரிமைக்காக. 2017இல் அதே கச்சேரி வாசலில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகக் குந்தியிருந்தது அரசாங்க நியமனத்துக்காக. அவர்கள் கேட்டது தவறென்று நாம் சொல்லவில்லை. நாளை நாமும் அந்த வரிசையில் நிற்கக் கூடியவர்களே. கிளாக்கர் லிகிதரானார், லிகிதர் எழுதுவினைஞரானார், எழுதுவினைஞர் பின்னர் முகாமைத்துவ உதவியாளரானார். கதிரை அதுவே. ஒரு பக்கம் அந்தக் கதிரை, மறுபக்கம் யாழ்ப்பாண நகரத்து மதில்தோறும் ஒட்டியிருக்கும் வெளிநாட்டு ஆங்கிலப் பரீட்சை வகுப்பு விளம்பரம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றை ஒருவன் சொன்னால், தோட்டம் செய்யப் போகின்றேன், படகுக் கைத்தொழில் தொடங்கப் போகின்றேன் என்றால், அவனுக்குப் பெண் கொடுக்க இந்த மலரை வாசிப்போரில் எத்தனை பேர் முன்வருவர்? அவனோடு படித்தவர்களாகிய எம்மிலேயே எத்தனை பேர் அவனைக் கண்டு மனத்துள் இரங்காதிருப்போம்?

இந்தச் சரித்திரத்தை முழுமையாக எழுத வேண்டிய பத்திரங்கள் அரசாங்கச் சுவடிச்சாலையில் மாத்திரம் இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. யுத்தத்தில் இடம்பெயர்ந்த வீடுகளோடு போனவற்றுக்குக் கணக்கே இல்லை. எஞ்சியவை சில வீடுகளில், பழைய பெட்டகங்களில், தகரப் பெட்டிகளில் உள்ளன: மலாயாக் கடிதங்கள், மணியோடர்த் துண்டுகள், பென்சன் புத்தகங்கள், கேம்பிரிட்ஜ்ச் சான்றிதழ்கள், சமறிச் செலவுக் கொப்பிகள். கறையான் அரித்தவை போக மீதியைத் தந்துதவினால் எமது சங்கத்து இளைஞர் படமெடுத்துப் பிரதி செய்து மூலத்தை அப்படியே திருப்பித் தருவர். தைப்பூசத்துக்குப் பின்வரும் ஞாயிறுகளில் வீடு வீடாக வருகின்றோம். பெட்டகத்தின் திறப்பைத் தேடி வைப்பீராக.